ஆயில் எஞ்சினில் எண்ணெய்க் கசிவு: காரணமும் பரிகாரமும்

கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் குடியானவர்களுக்கு ஆயில் எஞ்சின் நெடுநாள் பழகிய யந்திரமாகும். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின்களைக் கொண்டு நீர் இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். அந்நாள் முதலாக இவ்யந்திரம் சிறிது சிறிதாகக் கிராமங்களை வந்தடைந்தது. பின்னர் மின்சார மோட்டார்கள் பெருகிப் பெரும்பாலான கிணறுகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும், மின்கம்பி எட்டாத நிலங்களிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும், ஆறு வாய்க்கால்களிலிருந்து நீரை மேட்டுக்கு ஏற்ற வேண்டிய இடங்களிலும் டீசல் எஞ்சினே இன்றும் கைகொடுத்து வருகிறது.

இவ்வெஞ்சின்களில் அடிக்கடி காணப்படும் குறை எண்ணெய்க் கசிவு. பெரும் பழுது நேர்ந்தால் உடனே மெக்கானிக்கை அழைத்து வரும் விவசாயி, கசிவை மட்டும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. எஞ்சின் என்று இருந்தால் சிறிது ஒழுகத்தான் செய்யும் என்று எண்ணி, அடியில் ஒரு தகரக் குவளையை வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்கிறார். இல்லையெனில் கைக்குக் கிடைத்த ஸ்பேனரைக் கொண்டு கசியும் நட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்குகிறார். இவ்விரண்டும் தவறானவை. கசிவு அற்பமானதன்று, அதை நீக்கும் வழி இறுக்குவதுமன்று. காரணத்தை அறிந்து நீக்கினால், சிறு கசிவுகளுள் பெரும்பாலானவற்றை விவசாயியே அரை மணி நேரத்திற்குள் சொற்பச் செலவில் நிறுத்திவிடலாம். அதற்குரிய முறைகளும், எந்த இடத்தில் தாமே கைவைக்கலாகாது என்பதும் கீழே விளக்கப்படுகின்றன.

கசிவினால் விளையும் நஷ்டம்

முதலாவது, பண நஷ்டம். கசியும் இடத்தின் கீழ், அளவுக்கோடு இட்ட மருந்துப் புட்டியின் மூடியை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பத்து மில்லிலிட்டர் பிடிக்கும் மூடி பத்து நிமிஷத்தில் நிரம்புவதாகக் கொள்வோம். பார்வைக்கு இது மிகச் சிறிய கசிவே. ஆனால் ஒரு மணிக்கு 60 மில்லிலிட்டராகவும், ஒரு நாளைக்கு 1,440 மில்லிலிட்டராகவும், 30 நாட்களுக்கு 43 லிட்டருக்குச் சற்று மேலாகவும் அது பெருகிவிடுகிறது. ஐந்து குதிரைசக்தியுள்ள எஞ்சின் முழு வேலை செய்யும்போது மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் செலவாகும். ஆகவே மாதத்திற்கு ஏறக்குறைய 40 மணி நேரம் நீர் இறைக்கக்கூடிய எண்ணெய் வீணே மண்ணிற் போகிறது. எஞ்சின் நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடி, மற்ற நேரங்களில் டாங்கியின் அடிக்குழாய் அடைக்கப்பட்டிருந்தால், இதே கசிவில் நஷ்டம் 14 லிட்டரளவில் நிற்கும். வேலை முடிந்தவுடன் குழாயை அடைக்கும் பழக்கம் ஒன்றே மூன்றில் இரண்டு பங்கு நஷ்டத்தைத் தடுத்துவிடுகிறது.

இரண்டாவது, நெருப்பு. டீசல், பெட்ரோலைப் போல் எளிதில் பற்றிக்கொள்வதில்லை என்பது உண்மையே. எனினும், தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய அளவுக்கு அதிலிருந்து ஆவி எழும் வெப்பநிலைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் விதிக்கப்பட்ட கீழெல்லை 35 டிகிரி சென்டிகிரேடு ஆகும். கோடையில் வேலூர், திருச்சி முதலிய இடங்களில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அன்றியும், சுமையோடு ஓடும் எஞ்சினின் புகைக்குழாய் 300 டிகிரிக்கு மேலும் காயக்கூடும். அத்தகைய சூட்டில் விழும் எண்ணெய், பொறி ஏதுமின்றித் தானே பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊறிய கந்தையும் சணலும் திரிபோல் நின்று எரியும். எஞ்சின் கொட்டகைக்குக் கூரை, கீற்றாகவோ கரும்புச் சோகையாகவோ இருக்குமானால் பின் விளைவைக் கூறவேண்டுவதில்லை.

மூன்றாவது, நீரும் நிலமும் கெடுதல். எஞ்சின் பெரும்பாலும் கிணற்று மேட்டிலேயே அமைந்திருக்கிறது. மண்ணில் ஊறிய டீசல் மழை நீரோடு கிணற்றில் இறங்கினால், சிறிதளவாயினும் நீரில் வாடையேறி அது குடிக்கத் தகாததாகும். டீசல் ஊறிய மண் நீரை ஏற்காது; அதில் விதை முளைப்பதும் அரிது.

நான்காவது, தக்க தருணத்தில் எஞ்சின் நின்றுபோதல். எண்ணெய் வெளியே கசியும் துவாரம், சமயத்தில் காற்று உள்ளே நுழையும் துவாரமாகவும் ஆகிவிடுகிறது. காற்றுப் புகுந்த எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். நெற்பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் இரண்டு மூன்று நாட்கள் நீர் இல்லாமற் போனால், அந்த நஷ்டத்தை எந்த எண்ணெய்க் கணக்கிலும் அடக்க முடியாது.

எண்ணெய் செல்லும் வழி

கசிவை ஆராய்வதற்குமுன் எண்ணெய் செல்லும் பாதையை அறிந்திருத்தல் வேண்டும். சாதாரண ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் டீசல் முதலில் மேலேயுள்ள டாங்கியிலிருந்து அடிக்குழாய் வழியாக இறங்குகிறது. பிறகு பில்டர் என்னும் வடிகட்டியைக் கடந்து, சிறு குழாய் ஒன்றின் மூலம் எண்ணெய்ப் பம்பைச் சேருகிறது. பம்பு அதனைக் கனத்த எஃகுக் குழாய் வழியாக நாசிலுக்குத் தள்ளுகிறது. நாசில் அதனை நுண்ணிய புகையாகச் சிலிண்டருக்குள் பீச்சுகிறது. நாசிலில் ஊசியைச் சுற்றி மிஞ்சும் சில துளிகள், திரும்பு குழாய் வழியாக டாங்கிக்கோ வடிகட்டிக்கோ மீள்கின்றன.

இப்பாதை இரு பிரிவுகளை உடையது. டாங்கியிலிருந்து பம்பு வரையுள்ள பிரிவில் எண்ணெய் தன் பாரத்தினாலேயே இறங்குவதால் அழுத்தம் மிகச் சொற்பம். ஒரு மீட்டர் உயரத்திலுள்ள டாங்கி தரும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவில் பன்னிரண்டில் ஒரு பங்கே ஆகும். பம்பிலிருந்து நாசில் வரையுள்ள பிரிவிலோ அழுத்தம் சுமார் 200 கிலோ வரை ஏறுகிறது. மோட்டார் சைக்கிள் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 கிலோதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். முதற்பிரிவின் கசிவை விவசாயி தாமே சீர்செய்யலாம். இரண்டாம் பிரிவின் கசிவு வேறு வகையைச் சேர்ந்தது. அது பின்னர்க் கூறப்படும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

கூரை ஒழுகும் வீட்டில், நீர் சொட்டும் இடத்திற்கு நேர் மேலே ஓட்டை இருப்பதில்லை. எங்கோ நுழைந்த நீர் மூங்கில் வழியே ஓடி வேறிடத்தில் சொட்டுகிறது. எண்ணெயின் குணமும் அத்தகையதே. குழாயின் மேல்முனையில் கசிந்த டீசல், குழாயோடு வழிந்து, அடியிலுள்ள நட்டின் மூலையில் துளியாகத் தொங்கும். காண்பவர் அந்த அடி நட்டையே குற்றவாளி என்று எண்ணி இறுக்குவார், கசிவு நிற்காது. ஆகையால் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் நலம்.

1. எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, டாங்கியின் அடிக்குழாயை அடைக்க வேண்டும். அருகில் பீடி, சுருட்டு, அரிக்கேன் விளக்கு ஆகியவற்றை அனுமதிக்கலாகாது.

2. பாதை முழுவதையும் நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். பஞ்சுக் கழிவை உபயோகிக்கலாகாது. அதன் இழைகள் திறந்த இணைப்பில் நுழைந்தால் நாசிலை அடைத்துவிடும்.

3. இணைப்புகள் எல்லாம் மூடியிருக்கும் நிலையிலேயே, சந்தேகத்திற்குரிய இடங்களின் வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டித் தூளை இலேசாகத் தூவ வேண்டும். அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரிக்க வேண்டும்.

4. அடிக்குழாயைத் திறந்து, எஞ்சினை ஓட்டாமலே கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். தூள் முதலில் எங்கே நனைகிறதோ அதுவே கசியும் இடம். எப்போதும் மேலிருந்து கீழாகப் பார்த்து வர வேண்டும்.

5. அவ்வாறு ஓரிடமும் நனையாவிட்டால், தூளைத் துடைத்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். ஓடும்போது மட்டும் கசிவு தோன்றினால் அது பெரும்பாலும் பம்புக்கு அப்பாலுள்ள கடும் அழுத்தப் பிரிவைச் சேர்ந்ததாகும்.

சில எஞ்சின்களில் டாங்கி கீழே இருந்து, சிறு பம்பு ஒன்றால் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. அங்கே உறிஞ்சு குழாயில் துவாரமிருந்தால் எண்ணெய் ஒரு துளியும் வெளியே தெரியாது. காற்று மட்டும் உள்ளே புகும். கசிவு கண்ணில் படாமலே எஞ்சின் அடிக்கடி காற்றுப் பிடித்து நிற்குமானால், அக்குழாயின் இணைப்புகளையே முதலில் சோதிக்க வேண்டும்.

இறுக்குவது ஏன் பரிகாரமாகாது

ஓர் இணைப்பில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது நட்டின் பலமன்று. இரு பரப்புகளுக்கு நடுவே நன்றாகப் படிந்திருக்கும் மிருதுவான பொருளே. அது செப்பு வாஷராகவோ, பித்தளை வளையமாகவோ, ரப்பர் வளையமாகவோ இருக்கும். நட்டின் வேலை அப்பொருளை அழுத்திப் பிடிப்பது மாத்திரமே. வாஷர் தேய்ந்தோ, கெட்டிப்பட்டோ, அழுக்கேறியோ இருக்கும்போது நட்டை இறுக்கினால், வாஷர் படியாமல் மேலும் நசுங்குகிறது, புரி அறுந்துபோகிறது, மெல்லிய குழாய் முறுக்கிக்கொண்டு விரிசல் விடுகிறது. சில ரூபாய் வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, வடிகட்டியின் மூடியையே மாற்றும் வேலையாக முடிகிறது.

தளர்ந்த நட்டை இறுக்குவது நியாயமே. ஆயினும் சிறிது இறுக்கியும் கசிவு நில்லாவிடில், மேலும் இறுக்காமல் அவ்விணைப்பைக் கழற்றிப் பார்ப்பதே முறை. இறுக்கும்போது ஒரு ஸ்பேனரால் அடிப்பாகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். நட்டை முதலில் விரலாலேயே முழுவதும் ஏற்றிவிட்டு, பிறகே ஸ்பேனரை உபயோகிக்க வேண்டும். விரலால் ஏறாத நட்டு, புரி மாறி ஏறுகிறது என்று அறிந்து உடனே கழற்றிவிட வேண்டும்.

இடத்திற்கேற்ற பரிகாரம்

செப்பு வாஷர் உள்ள இணைப்பு: வடிகட்டியிலும் பம்பிலும் குழாய் சேரும் இடத்தில், துவாரமுள்ள போல்ட் ஒன்றும் அதன் தலைப்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் ஒவ்வொரு செப்பு வாஷரும் இருக்கும். கழற்றும்போது இரண்டையும் எண்ணி எடுத்து, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செம்பு அழுத்தப்பட அழுத்தப்படக் கெட்டிப்படும் உலோகமாதலால், பழைய வாஷர் இரண்டாம் முறை சரியாகப் படிவதில்லை. புதியது கிடையாத அவசரத்தில், பழையதை எஞ்சின் கொட்டகைக்கு வெகு தூரத்திலுள்ள அடுப்பில் மங்கிய சிவப்பு நிறம் வருமளவும் காய்ச்சி, நீரில் போட்டு, மேலே படிந்த கருமையைத் தேய்த்து நீக்கினால் அது மறுபடியும் மிருதுவாகிவிடும். வாஷர் உட்காரும் பரப்புகளில் மணலோ கீறலோ இல்லாதபடி துடைத்த பின்பே பூட்ட வேண்டும்.

பித்தளை வளையம் உள்ள இணைப்பு: சிறு குழாய்களின் நுனியில் நட்டுக்குள் ஒரு பித்தளை வளையம் குழாயைக் கவ்வியிருக்கும். குழாய் வளைந்து நேராகச் சேராமையே இங்கே கசிவுக்குப் பெரும்பாலும் காரணம். நட்டைத் தளர்த்திக் குழாயை நேராக்கி, தானே தன்னிடத்தில் உட்காரும்படி செய்து பூட்டினால் கசிவு நிற்கும். வளையம் நசுங்கியிருந்தால் புதிது போட வேண்டும்.

வடிகட்டிக் கிண்ணம்: வடிகட்டியின் உட்பொருளை மாற்றிய பிறகு கசிவு தோன்றினால், பழைய ரப்பர் வளையம் மேல்மூடியின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, புதிய வளையம் அதன்மேல் வைக்கப்பட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பழையதை நகத்தால் கிளப்பி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதிய வளையம் ஒன்றை மட்டும் டீசலில் நனைத்து வைத்துப் பூட்ட வேண்டும்.

டாங்கியின் அடிக்குழாய்: குழாயின் தண்டைச் சுற்றிக் கசிந்தால், கிளாண்டு நட்டைச் சற்றே இறுக்கிப் பார்க்கலாம். நில்லாவிடில், டாங்கியிலுள்ள எண்ணெயை வடித்துவிட்டு, உள்ளிருக்கும் பழைய கயிற்றை எடுத்துப் புதிய கிளாண்டுக் கயிறு சுற்ற வேண்டும். கயிறு இருந்தும் குழாய் இலேசாகத் திரும்ப வேண்டும். திருப்ப முடியாதபடி இறுக்கப்பட்ட குழாயை மாலையில் யாரும் அடைப்பதில்லை.

ஓஸ் குழாய்: ரப்பர் ஓஸின் நுனி கெட்டிப்பட்டு வெடித்திருந்தால், நீளம் போதுமானவரை அந்நுனியை நேராக வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் மாட்டிக் கிளிப்பால் இறுக்கலாம். கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டுவது தவறு. கம்பி ஓஸை அறுத்துவிடும். டீசலுக்கென்று செய்யப்பட்ட ஓஸையே வாங்க வேண்டும். நீர் பாய்ச்சும் குழாயிலிருந்து வெட்டிய துண்டு டீசலில் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் நாளடைவில் கெட்டிப்பட்டு வெடிக்கும்.

திரும்பு குழாய்: நாசிலிலிருந்து சில துளிகள் மிஞ்சித் திரும்புவது பழுதன்று, ஊசி உராயாமல் இயங்க அத்துளிகள் தேவையானவை. அவற்றைத் தடுக்கும் எண்ணத்துடன் திரும்பு குழாயின் வாயை அடைத்துவிடலாகாது. குழாய் அறுந்திருந்தால் மாற்றி, துளிகள் டாங்கியைச் சேரும்படி செய்தால் போதும். துளிகள் தாரையாகப் பெருகினால் நாசில் தேய்ந்துவிட்டதென்று அறிந்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

காற்றை வெளியேற்றுதல்

எந்த இணைப்பைக் கழற்றினாலும் பாதைக்குள் காற்று புகுந்துவிடும். எண்ணெயைப் போலன்றிக் காற்று அழுத்தினால் சுருங்கும் தன்மையது. ஆதலால் பம்பு எவ்வளவு தள்ளினாலும் நாசில் திறவாது. வேலை முடிந்தபின் அடிக்குழாயைத் திறந்து, முதலில் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்த வேண்டும். நுரையும் குமிழியும் கலந்து வரும் எண்ணெய், குமிழியற்ற தெளிந்த தாரையாக வந்தவுடன் அதை மூடிவிட வேண்டும். பிறகு பம்பிலுள்ள திருகையும் அவ்வாறே செய்ய வேண்டும். வழியும் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் பிடித்து, தெளியவைத்து வடிகட்டிய பின்னரே டாங்கியில் ஊற்றலாம். எஞ்சின் எழும்பியவுடன், அரை மணி நேரம் ஓடவிட்டு, அடியில் விரித்த காகிதத்தைப் பார்க்க வேண்டும். காகிதம் உலர்ந்திருந்தால் வேலை முடிந்ததென்று கொள்ளலாம்.

கைவைக்கக் கூடாத இடங்கள்

பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் கனத்த எஃகுக் குழாயில் கசிவு காணுமானால், எஞ்சின் ஓடும்போது அதன் அருகே கையைக் கொண்டுபோகவே கூடாது. மயிரிழை போன்ற விரிசலிலிருந்து வெளிப்படும் எண்ணெய்த் தாரை கண்ணுக்குப் புலப்படாமலேயே தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். முதலில் எறும்பு கடித்தாற்போன்ற சிறு புள்ளியே தெரியும். வலியும் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிச் சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ இழக்கும்படி நேரலாம். இவ்வாறு நேர்ந்தவரை, வலியில்லை என்று வீட்டில் இருத்திவிடாமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, கடும் அழுத்தத்தில் டீசல் உட்சென்றது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைச் சோதிக்க வேண்டுமாயின் நீண்ட குச்சியின் நுனியில் ஓர் அட்டைத் துண்டைக் கட்டி நீட்டிப் பார்க்கலாம்.

இக்குழாயில் விரிசல் விட்டால் பற்றவைத்து ஒட்டுவதில் பயனில்லை. நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுழலும் எஞ்சினில் பம்பு நிமிஷத்திற்கு 750 தடவை எண்ணெயை அடிக்கிறது. ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் ஒட்டுப் போட்ட இடம் நெடுநாள் தாங்காது. ஒவ்வோர் அடியிலும் செல்லும் எண்ணெய் ஏறக்குறைய ஒரு துளியளவே ஆதலால், அதில் சிறிது வெளியேறினாலும் எஞ்சின் பலம் குன்றிவிடும். அதே நீளமும் கனமும் உள்ள புதிய குழாயை மெக்கானிக்கைக் கொண்டு மாற்றுவதே தகும். எண்ணெய்ப் பம்பையும் நாசிலையும் கொட்டகையில் பிரிக்கலாகாது. அவற்றின் உறுப்புகள் மிக நுண்ணிய அளவில் இழைக்கப்பட்டவை. ஒரு மணல் துகளே அவற்றைக் கெடுத்துவிடும்.

டாங்கியின் தகட்டில் ஓட்டை விழுந்தால், டாங்கி காலியாக இருக்கிறதென்று எண்ணி அதைப் பற்றவைக்க முயல்வது உயிருக்கே அபாயம். காலி டாங்கியில் எண்ணெய் இல்லாவிடினும் ஆவி இருக்கிறது. நெருப்புப் பட்டால் அது வெடிகுண்டைப் போல் வெடிக்கும். அதைக் கழற்றி, ஆவி முற்றும் நீங்கும்படி கழுவத் தெரிந்த பட்டறையில் கொடுக்க வேண்டும்.

வெளியே தெரியாத கசிவு ஒன்றும் உண்டு. சில எஞ்சின்களில் பம்பு தேய்ந்தால் டீசல் உட்புறமாக வழிந்து அடியிலுள்ள மசகு எண்ணெயில் கலந்துவிடும். அளவுக்கோலில் மசகு எண்ணெயின் மட்டம் நாளுக்கு நாள் இறங்குவதே இயற்கை; அது ஏறுமானால் டீசல் கலக்கிறது என்பதே பொருள். நீர்த்துப்போன மசகு எண்ணெயுடன் ஓட்டினால் பேரிங்குகள் விரைவில் தேய்ந்துவிடும். அத்தகைய எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

தற்காலிகப் பரிகாரங்கள்

டாங்கியில் சிறு துளை விழுந்தால் அதன்மேல் சோப்பைத் தேய்த்து அடைக்கும் வழக்கம் கிராமங்களில் இருந்து வருகிறது. சோப்பு டீசலில் எளிதில் கரையாதாகையால், அது ஒரு நாள் வேலையை முடிக்க உதவும், அதற்குமேல் நம்புவதற்கில்லை. கடும் அழுத்தக் குழாயில் சோப்பாலோ வேறெந்தப் பசையாலோ எவ்விதப் பயனுமில்லை. நீர்க்குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை எண்ணெய்க் குழாயின் புரிகளில் சுற்றுவதும் தவறு. அதன் நார்கள் பிய்ந்து உள்ளே சென்று பம்பையும் நாசிலையும் அடைக்கும்.

சிந்திய எண்ணெயை அகற்றுதல்

சிந்திய டீசலை நீர் விட்டு அலம்பி வாய்க்காலில் தள்ளிவிடுதல் பெரும் தவறு. அதன்மேல் மரத்தூளையோ உலர்ந்த மணலையோ தூவி, ஊறியபின் வாரி, கிணற்றுக்கும் கொட்டகைக்கும் கால்நடைகள் மேயும் இடத்துக்கும் தூரமாக அகற்ற வேண்டும். எண்ணெய்த் துணிகளைக் கொட்டகையின் மூலையில் குவித்து வைக்கலாகாது. எஞ்சினின் அடியில் விளிம்புள்ள தகரத்தட்டு ஒன்றை வைத்தால், தரை கெடாதிருப்பதோடு, புதிய கசிவு அன்றைக்கே கண்ணில் படும். ஆனால் தட்டு கசிவைக் காட்டுவதற்கே, கசிவைப் பொறுத்துக்கொள்வதற்கன்று.

திரும்பத் திரும்ப வரும் கசிவு

ஒரே இணைப்பில் மாதத்திற்கொரு முறை கசிவு தோன்றினால், குற்றம் அவ்விணைப்பில் இல்லை. எஞ்சினின் நடுக்கத்தில் இருக்கிறது. அஸ்திவார போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். எஞ்சினும் பம்பும் நேர்கோட்டில் அமையாதிருக்கலாம். குழாயைத் தாங்கும் கிளிப்பு முன்னொரு முறை கழற்றியபோது தொலைந்துபோயிருக்கலாம். தாங்கலற்ற குழாய் ஒவ்வொரு சுற்றிலும் ஆடி, தன் நட்டைத் தானே தளர்த்திக்கொள்கிறது. அஸ்திவாரத்தை இறுக்கி, தொலைந்த கிளிப்பை மீண்டும் பூட்டினால், வாஷரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் நீங்கும்.

எஞ்சின் ஓடிய மணியையும், ஊற்றிய டீசலின் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வருவது நல்ல வழக்கம். அதே கிணறு, அதே வேலை, அதே மணி என்றிருக்க, எண்ணெய்ச் செலவு மட்டும் ஏறுமானால் எங்கோ கசிவு தொடங்கிவிட்டது என்பதைக் குவளை நிரம்புவதற்கு முன்பே நோட்டு காட்டிவிடும். ஒரே எஞ்சினைப் பல குடும்பங்கள் முறைவைத்து ஓட்டும் இடங்களில் இக்குறிப்பு வழக்குகளையும் தவிர்க்கும். குடிநீர்க் கிணறுகளின் அருகில் எஞ்சின் ஓடும் கிராமங்களில், கிராம அதிகாரிகள் கொட்டகையின் தரையை அவ்வப்போது பார்வையிட்டு, எண்ணெய் படிந்திருந்தால் உரியவருக்கு எடுத்துரைப்பது ஊருக்கு நன்மை தரும். எஞ்சின்களைப் பற்றிய ஐயங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகங்களை அணுகலாம்.

இரண்டு செப்பு வாஷர்கள், ஒரு ரப்பர் வளையம், ஒரு முழ ஓஸ், இரண்டு கிளிப்புகள், அளவான இரு ஸ்பேனர்கள் ஆகியவற்றை ஒரு டப்பாவில் இட்டுக் கொட்டகையில் வைத்திருக்கும் விவசாயிக்கு, சிறு கசிவினால் ஒரு வேளைப் பாசனமும் தடைப்படாது. இவையனைத்திற்கும் ஆகும் செலவு, ஒரு மாதத்தில் மண்ணுக்குப் போகும் எண்ணெயின் விலையில் ஒரு சிறு பங்கேயாகும்.